கணக்கில் வராத கால்கள்

யானைக்கால் நோயை 2027-ஆம் ஆண்டுக்குள் நாட்டிலிருந்து ஒழித்துவிட வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் கெடு 2030. நாம் மூன்று ஆண்டுகள் முந்திக்கொள்ள விரும்புகிறோம். 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இதே இலக்குக்கு 2015 என்று நாள் குறித்திருந்ததையும், அந்த ஆண்டு சத்தமின்றிக் கடந்து போனதையும் இங்கே நினைவுகூரலாம். பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இன்னும் வீடு வீடாக மாத்திரை வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிக் கண்காணிப்புக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் கும்பகோணம் என்றால் வெற்றிலையோடும் கோயிலோடும் சேர்த்து யானைக்காலும் நினைவுக்கு வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், காவிரி டெல்டாவுக்கு இது சிறிய வெற்றியல்ல.

ஆனால், இந்த வெற்றி எப்படி அளக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பகுதியில் நோய்ப் பரவல் நின்றுவிட்டதா என்பதை அறிய, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். மாத்திரை வழங்கத் தொடங்கிய பிறகு பிறந்த குழந்தையின் உடலில் புழுவின் தடயம் இல்லையென்றால், புதிதாகத் தொற்று ஏற்படவில்லை என்று பொருள். அறிவியல்படி இது சரியான முறை. அந்தக் குழந்தையின் பாட்டி வீங்கிய காலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். அவருடைய கால் இந்தச் சோதனையில் எங்கும் இடம்பெறுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்கு இரண்டு தூண்கள் உண்டு. ஒன்று, பரவலை நிறுத்துவது. மற்றொன்று, ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களின் துயரைக் குறைப்பது. நோய் ஒழிந்ததாகச் சான்று பெற விரும்பும் நாடு, பாதிக்கப்பட்டோர் எங்கே, எத்தனை பேர், அவர்களுக்கு அருகில் பராமரிப்பு கிடைக்கிறதா என்பதையும் காட்டியாக வேண்டும். இலங்கை 2016-இல் அந்தச் சான்றைப் பெற்றது. அதற்குப் பிறகும் அங்கே யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் கலைக்கப்படவில்லை. வீக்கமுள்ளோருக்கான மருத்துவமனைகள் இன்றும் இயங்குகின்றன. நம்மிடம் முதல் தூணுக்கு இருக்கும் கவனம் இரண்டாவது தூணுக்கு இல்லை. புழுவைத் தேடும் அரசு இயந்திரம், புழு போனபின் எஞ்சிய காலை என்ன செய்வது என்று இன்னும் முழுமையாகத் தீர்மானிக்கவில்லை.

டெல்டாவில் இந்த நோய் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு நெல்வயல்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. வயலில் தேங்கும் நீரில் பெருகுபவை வேறு வகைக் கொசுக்கள். யானைக்கால் புழுவைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு, நகரத்தின் அழுக்கு நீரை விரும்புவது. திறந்த சாக்கடை, மூடாத கழிவுநீர்த் தொட்டி, குப்பை அடைத்த வாய்க்கால், பாசி பிடித்த குளம் ஆகியவையே அதன் பிறப்பிடம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே, நெருக்கமான தெருக்களும் குளங்களும் சூழ வளர்ந்த கும்பகோணம் அதற்கு வாய்ப்பான ஊராக அமைந்தது. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாயில் கொசுவலை கட்டுங்கள் என்று சுகாதார ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது இதனால்தான். கொசுவால் ஒரு நோய்க்கிருமி மனித உடலிலிருந்து எடுத்துச் செல்லப்படுகிறது என்ற உண்மையே இந்த நோயை ஆராய்ந்தபோதுதான் முதன்முதலில் வெளிப்பட்டது. சீனத் துறைமுக நகரான அமோயில் 1877-இல் பேட்ரிக் மேன்சன் அதைக் கண்டார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் கண்டறிய மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியது. குட்டிப் புழுக்கள் இரவில்தான் புறநாள ரத்தத்தில் உலவும் என்பதால், ஊழியர்கள் இரவு எட்டரை மணிக்கு மேல் வீடு வீடாகச் சென்று, உறங்குவோரை எழுப்பி, விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அந்த இரவு நேரக் கதவுத் தட்டல் டெல்டாவின் மூத்த தலைமுறைக்கு நினைவிருக்கும். பின்னர், நோய் உள்ளவரா இல்லாதவரா என்று பாராமல் பகுதியிலுள்ள அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரை வழங்கும் முறை 1990-களின் பிற்பகுதியில் சோதனை முயற்சியாக வந்தது. 2004 முதல் நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று. அல்பெண்டசோலும் உடன் சேர்ந்தது. இன்று குழந்தைகளின் ரத்தம் தூய்மையாக இருப்பது இந்த உழைப்பின் பலன்.

இனிதான் சிக்கல். டி.இ.சி. மாத்திரை ரத்தத்தில் உலவும் குட்டிப் புழுக்களை அழிக்கும். வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. நம் உடலில் ரத்த நாளங்களிலிருந்து கசியும் நீரைத் திரட்டி மீண்டும் ரத்தத்தில் சேர்க்கும் வேலையை நிணநீர் நாளங்கள் செய்கின்றன. வளர்ந்த புழுக்கள் அந்த நாளங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து அவற்றைத் தளர்த்திவிடுகின்றன. வால்வுகள் செயலிழந்தபின் நீர் கீழேயே தங்குகிறது. புழு இறந்தாலும் நாளம் பழுதடைந்ததுதான். இன்னொன்றையும் ஊருக்கு ஊர் சொல்லியாக வேண்டும்: கால் நன்கு பருத்துவிட்டவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் குட்டிப் புழுக்கள் இருப்பதில்லை. அவர்களால் எவருக்கும் நோய் பரவாது. பரப்பக்கூடியவர் பெரும்பாலும் வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் நலமாக நடமாடுபவர். அப்படியிருக்க, பந்தியில் தள்ளி உட்கார வைக்கப்படுவதும், மகளுக்கு வரும் வரன் தட்டிப்போவதும் வீங்கிய காலுக்குரியவருக்குத்தான் நேர்கிறது. பரம்பரை நோய் என்றும் முன்வினை என்றும் சொல்லும் பேச்சு இன்னும் ஓயவில்லை.

புழு வீக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. ஆனால், லேசாக வீங்கிய கணுக்காலைத் தூண்போல ஆக்குவது புழுவல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் 1990-களில் மருத்துவர் ஜெருசா ட்ரேயரும் அவரது குழுவினரும் இதை அழுத்தமாக எடுத்துக்காட்டினார்கள். நிணநீர் தேங்கிய காலில் நோய் எதிர்ப்பு குன்றிவிடுகிறது. தோலில் சிறு வெடிப்போ புண்ணோ இருந்தால் சாதாரண பாக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. திடீரெனக் குளிர் எடுத்து, காய்ச்சல் அடித்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து கொதிக்கிறது. நான்கைந்து நாள்களில் காய்ச்சல் தணியும். வீக்கம் மட்டும் முன்பிருந்த அளவுக்குத் திரும்பாது. ஒவ்வொரு காய்ச்சலும் தோலைச் சற்றே தடிக்கச் செய்துவிட்டுப் போகிறது. ஆண்டுக்குச் சில முறை என்று இருபது ஆண்டுகள் வந்தால் என்ன ஆகும் என்பதை டெல்டாவில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பாக்டீரியா நுழையும் வாசல் எது? பெரும்பாலும் கால்விரல் இடுக்கு. நம் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சேற்றுப்புண். இங்கேதான் நெல்வயல் கதைக்குள் வருகிறது. நாற்றுப் பறிக்கும் பெண்களும் நடவு நடும் பெண்களும் நாள் முழுவதும் சேற்றுநீரில் நிற்கிறார்கள். விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்து, பூஞ்சை பற்றி, வெடிக்கிறது. ஊரில் அது நோயாகவே எண்ணப்படுவதில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, மருதாணி அரைத்து அப்பி, மறுநாள் மீண்டும் வயலில் இறங்குவது வழக்கம். நல்ல காலுக்கு அது சில நாள் எரிச்சலோடு போய்விடும். நிணநீர் தேங்கிய காலுக்கு அது அடுத்த காய்ச்சலுக்கான அழைப்பு.

கொசு சாதி பார்ப்பதில்லை, வசதியும் பார்ப்பதில்லை. கும்பகோணத்தில் வசதி படைத்த வீடுகளிலும் இந்த நோய் இருந்தது. ஆனால், ஒரே புழு எல்லோருக்கும் ஒரே காலைத் தந்துவிடவில்லை. காலைத் தூக்கி வைத்துச் சாய்வு நாற்காலியில் அமர முடிந்தவரின் வீக்கமும், நடவுக் கூலியை நம்பி வாழும் பெண்ணின் வீக்கமும் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன. பின்னவருக்கு ஒரு காய்ச்சல் என்பது நான்கைந்து நாள் கூலி இழப்பு. குறுவையிலும் சம்பாவிலும் நடவு நாள்களே குறைவு. இயந்திர நடவு வந்தபின் இன்னும் குறைவு. அந்த நாள்களில் படுத்துவிட்டால் அடுத்த நடவுக்கு ஆள் சேர்ப்பவர் அவரைக் கூப்பிடமாட்டார். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் இத்தகைய இழப்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள். யானைக்கால் நோயால் இந்தியா ஆண்டுக்கு இழப்பது 100 கோடி டாலரை நெருங்குகிறது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான அவர்களது மதிப்பீடு கூறியது. அதில் பெரும்பங்கு மருந்துச் செலவல்ல, வேலைக்குப் போக முடியாமற்போன நாள்கள்.

சிகிச்சையில் தஞ்சைக்கென்று ஒரு வரலாறு உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை. 1959-இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில், அறுவை மருத்துவர் எஸ். ஜமால் யானைக்கால் வீக்கத்துக்கு நிணநீர் மண்டலத்தைச் சிரையுடன் இணைத்து, தேங்கிய நீருக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்தார். அந்த அனுபவம் 1981-இல் பன்னாட்டு நிணநீரியல் இதழில் கட்டுரையாக வெளிவந்தது. நிணநீர் வீக்க ஆய்வில் உலக அளவில் பெயர் பெற்ற ஆஸ்திரேலியாவின் கேஸ்லி ஸ்மித் இணையர், 1980-களில் அவருடன் சேர்ந்து மருந்து ஆய்வும் நடத்தினர். டெல்டாவின் கால்களைப் பார்த்து உலகம் பாடம் கற்ற காலம் அது. ஆனாலும், அறுவை சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் சிலரே. கத்தி வைத்த காலையும் பிறகு நாள்தோறும் கழுவிக் காக்கத்தான் வேண்டும். (ஆண்களுக்கு வரும் விரைவீக்கம் இதற்கு விலக்கு, அதை ஓர் எளிய அறுவை சிகிச்சை பெரும்பாலும் தீர்த்துவிடும். வெட்கம் ஒன்றுதான் பலரையும் மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது.)

அப்படியானால் எது பலன் தரும்? பதில் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளியது. சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு நாள்தோறும் காலை மெதுவாகக் கழுவுவது. விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் மெல்லிய துணியால் ஒற்றி முழுக்க உலர்த்துவது. சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக் களிம்பு தடவுவது. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைப்பது. கணுக்காலைச் சுழற்றி, குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. முடிந்தவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் சுற்றித்தரும் அழுத்தக் கட்டு. காய்ச்சல் வந்தால் காத்திராமல் மருத்துவரிடம் நுண்ணுயிர்க்கொல்லி பெறுவது. அந்த நேரத்தில் தேய்த்துவிடாமலும் ஒத்தடம் என்று சூடு வைக்காமலும் இருப்பது.

டாக்சிசைக்ளின் மருந்து வீக்கத்தைக் கூடுதலாகக் குறைக்குமா என்று அண்மை ஆண்டுகளில் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்த கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால், மருந்து பெற்ற குழு, பெறாத குழு இரண்டுமே காலைப் பேணும் முறையைக் கற்றுக்கொண்டிருந்தன. இரண்டிலும் நிலைமை மேம்பட்டது. கேரளத்தின் காசர்கோட்டில் மருத்துவர் எஸ்.ஆர். நரஹரி நடத்தும் பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம், கழுவுதலையும் அழுத்தக் கட்டையும் ஆயுர்வேத, யோகப் பயிற்சிகளோடு இணைத்துப் பெரிய கால்களையும் கணிசமாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. ஒருமுறை கற்றுக்கொண்டால் நோயாளி வீட்டிலேயே தொடரக்கூடிய முறை அது.

எளியது என்று சொன்னேன். அது மருத்துவருக்கு எளியது. அந்தியில் வயலிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு இருபது நிமிடம் தனக்கென்று கிடைப்பது எளிதல்ல. தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த குடத்து நீரில் ஒரு பகுதியைக் காலுக்கு என்று ஒதுக்குவதும் எளிதல்ல. கால் பருத்தபின் குனிந்து விரலிடுக்கைத் தொடவே முடியாது. இன்னொருவர் கை வேண்டும். மறைவான குளியலிடம் இல்லாத வீட்டில் காலை யார் கண்ணிலும் படாமல் கழுவுவது எப்படி? 'சேற்றில் இறங்காதீர்கள்' என்ற அறிவுரையைக் கேட்டு ஒரு கூலித் தொழிலாளி என்ன செய்வார்? முழங்கால் உயரக் காலணி போட்டுக்கொண்டு நடவு நட முடியாது. சேறு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே, வரப்பேறியவுடன் கழுவி உலர்த்துவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. இதைச் சொல்லிக்கொடுக்க, செய்து காட்ட, அடுத்த மாதம் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வாளி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டி வழங்கப்படுகிறது. நான்காம் நிலை வீக்கம் உள்ளோருக்குத் தமிழக அரசு மாதம் ரூ.1,000 உதவித்தொகை தருகிறது. பல மாநிலங்கள் நினைத்துப் பார்க்காத உதவி இது, பாராட்டத்தக்கது. ஆனால், இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. பெட்டியிலுள்ள சோப்பும் களிம்பும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கால் ஆயுள் முழுக்க இருக்கும். உதவித்தொகையோ கால் இனி மோசமாவதற்கில்லை என்ற நிலையை எட்டியபின்தான் கிடைக்கிறது. முதல் இரண்டு நிலைகளில், அதாவது பேணினால் மேலும் வளராமல் நிறுத்தக்கூடிய காலத்தில், அரசின் பார்வை அந்தக் காலின் மீது விழுவதே இல்லை. முதியவர்களுக்குத் தரும் தொகையை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு பங்கையேனும் முப்பது, நாற்பது வயதில் இரண்டாம் நிலையில் இருப்பவருக்குச் செலவிட்டால், இருபது ஆண்டு கழித்து உதவித்தொகை கேட்டு வருவோர் எண்ணிக்கை குறையும் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் நிணநீர் வீக்கம் தனிப் பெயராக இல்லை. தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் இருக்கிறார்கள், குருதிநோய்களும் இருக்கின்றன, அவை இருப்பது நியாயமே. யானைக்கால் உள்ளவர் மட்டும் தன் நிலையை இயக்கக் குறைபாடு என்ற தலைப்புக்குள் எப்படியாவது பொருத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. நடக்க முடிகிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு அங்கே வழி இருக்கிறது.

யானைக்கால் ஒழிந்தபின் இந்தப் பராமரிப்புக்குத் தேவை இருக்காது என்று எண்ணுவதும் பிழை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட, அல்லது கதிர்வீச்சு பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு கால் வீங்குவதும் உண்டு. புழு இல்லை, கொசு இல்லை. ஆனால், தேங்குவது அதே நிணநீர். வருவது அதே காய்ச்சல். செய்ய வேண்டியதும் அதே கழுவுதலும் கட்டும்தான். டெல்டாவிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்னைக்கும் திருச்சிக்கும் செல்லும் பெண்கள் வீடு திரும்பியபின், வீங்கும் கையை யாரிடம் காட்டுவது? யானைக்கால் பிரிவில் பல்லாண்டு பணியாற்றிய செவிலியருக்கும் களப்பணியாளருக்கும் தெரிந்த கலை அவர்களுக்கும் வேண்டும். நோய் ஒழிந்தது என்ற அறிவிப்போடு அந்தப் பிரிவுகள் கலைக்கப்பட்டு ஊழியர்கள் டெங்கு பணிக்கு அனுப்பப்பட்டால், ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் வீணாகும்.

புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் மாதந்தோறும் வீடு தேடிச் சென்று நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையாளர்களும் அதில் இருக்கிறார்கள். நீரிழிவைப் போலவே நிணநீர் வீக்கமும் ஆயுட்கால நோய். கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டங்களில் வீங்கிய கால் உள்ள ஒவ்வொருவர் பெயரையும், நிலை வேறுபாடின்றி, அந்தத் தன்னார்வலரின் பதிவேட்டில் ஏற்றலாம். மாத்திரை கொடுக்கும் அதே வருகையில் விரலிடுக்கை ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். தீர்ந்த சோப்பையும் களிம்பையும் மாற்றிக் கொடுக்கலாம். அந்த மாதம் காய்ச்சல் வந்ததா என்று ஒரு கட்டத்தில் குறிக்கலாம். வட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அழுத்தக் கட்டு சுற்றத் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு நாள் இருந்தால் போதும். ஒழிப்புச் சான்றுக்காகத் திரட்டியாக வேண்டிய விவரங்களும் இந்தப் பதிவேட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுகிறது. தண்ணீர் வந்து சேர்ந்து, நாற்று முற்றி, நடவுக்கு ஆள்கள் இறங்கச் சில வாரங்கள் ஆகும். பூஞ்சைக் களிம்பும் சோப்பும் துணை சுகாதார நிலையங்களுக்கு வந்து சேர வேண்டியது அந்தச் சில வாரங்களுக்குள். டிசம்பரில் நிதி ஒதுக்கி மார்ச்சில் வாங்கி இறக்குவதால் நடவுப் பெண்களுக்குப் பயனில்லை.